விசிலுக்குப் பின் நிற்கும் சட்டம்

உடலோடு உடல் மோதும் ஆட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. ஆடுபவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவியும் அந்தக் கணத்தில் என்ன நடந்தது என்பதை ஆடியவரே உறுதியாகச் சொல்ல முடியாது; பார்வையாளர் தாம் பார்க்க விரும்பியதையே பார்த்திருப்பார்; ஆனாலும் யாரோ ஒருவர் அதே நொடியில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். காரைக்குடியையும் திருப்பத்தூரையும் சுற்றியுள்ள ஊர்களில் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. பாடி வந்தவரின் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டதா, பிடித்தவரின் கால் எல்லைக்கோட்டுக்கு வெளியே போனதா, பாட்டு இடையில் அறுந்ததா என்ற கேள்விகள் ஒவ்வோர் ஆட்டத்திலும் எழுபவை. அந்தக் கேள்விகளுக்கு விடை காண்பதில் உலகின் வேறொரு முரட்டு ஆட்டமான ரக்பி ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாகப் பெற்ற பட்டறிவு, கபடியை நேசிக்கும் தமிழ் வாசகர்களுக்கும் பயன்படத்தக்கது.

ரக்பியில் அணிக்குப் 15 பேர். ஆட்டம் 40 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள். பந்து முட்டை வடிவினது. பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் இறுதிக் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தி வைத்தால் 5 புள்ளிகள் கிடைக்கும். இதற்கு ‘டிரை’ என்று பெயர். அதைத் தொடர்ந்து எச் வடிவக் கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் பந்தை உதைத்து அனுப்பினால் மேலும் 2 புள்ளிகளும், எதிரணியின் குற்றத்துக்காகக் கிடைக்கும் தண்டனை உதையில் அவ்வாறு அனுப்பினால் 3 புள்ளிகளும் சேரும். முன்னால் ஓடுபவரிடம் பந்தைக் கையால் எறியக் கூடாது. பின்னாலோ பக்கவாட்டிலோ மட்டுமே எறிய வேண்டும். பந்து வைத்திருப்பவரை எதிரணியினர் கட்டிப் பிடித்து வீழ்த்தலாம். பந்து இல்லாதவரை அவ்வாறு வீழ்த்தக் கூடாது. ஆட்டத்தின் அடிப்படை இவ்வளவுதான் என்றாலும், இந்த எளிய அடிப்படையின்மேல் எழுந்துள்ள விதித்தொகுப்பு சிறியதன்று. ரக்பியில் இவற்றை ‘விதிகள்’ என்று சொல்வதில்லை. ‘சட்டங்கள்’ என்றே சொல்வார்கள். இன்றைய தொகுப்பில் 21 சட்டங்கள் உள்ளன.

அவற்றுள் ஆறாவது சட்டம், ஆட்டம் நடக்கும்போது நிகழ்வு பற்றியும் சட்டம் பற்றியும் தீர்ப்புச் சொல்லும் உரிமை நடுவர் ஒருவருக்கே உண்டு என்கிறது. இந்த ஒரு தொடரில் இரண்டு தனித்தனிக் கடமைகள் அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். பந்து கையில் பட்டதா இல்லையா என்பது நிகழ்வு பற்றிய கேள்வி. பட்டிருந்தால் அதற்கு விளைவு என்ன என்பது சட்டம் பற்றிய கேள்வி. கண் தவறினால் முதல் கேள்விக்கும், அறிவு தவறினால் இரண்டாம் கேள்விக்கும் விடை பிழையாகிவிடும். விளையாட்டு உலகில் நடுவர்மீது எழும் சினம் பெரும்பாலும் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததால் எழுவதே. ரக்பி வரலாற்றின் பெரும் பூசல்களும், அண்மையில் கபடியில் நிகழ்ந்த மிகப் பெரிய பூசலும் இந்தப் பிரிவினையை மனத்தில் கொண்டு பார்த்தால்தான் தெளிவாகும்.

முதற்பூசலுக்கு ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்துக்காரரும் 1872 கிறிஸ்துமஸ் நாளில் ஒரு ரக்பி ஆட்டம் ஆடினார்கள். அடுத்த மாதமே கல்கத்தா கால்பந்துக் கழகம் என்ற பெயரில் ஒரு ரக்பிக் கழகம் தோன்றியது. வங்காளத்தின் வெயில் அந்த ஆட்டத்துக்கு ஒத்துவராமல், உறுப்பினர்கள் போலோவுக்கும் டென்னிசுக்கும் போய்விட, சில ஆண்டுகளிலேயே கழகத்தைக் கலைக்க வேண்டியதாயிற்று. வங்கியில் எஞ்சியிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, அவற்றில் 270 காசுகளை உருக்கி, மூன்று நாகங்கள் கைப்பிடிகளாகவும் மூடியின்மேல் யானை உருவமாகவும் அமைய இந்தியக் கைவினைஞர்களைக் கொண்டு ஒரு கோப்பை செய்து, 1878-இல் இங்கிலாந்தின் ரக்பிச் சங்கத்துக்கு அளித்தார்கள். ரங்கூனிலும் கொழும்பிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார் தங்கள் பேரேடுகளில் கணக்கெழுதியதும் இதே வெள்ளி ரூபாயைத்தான் என்பதை நினைக்கும்போது, அந்தக் கோப்பை செட்டிநாட்டாருக்கு அவ்வளவு அந்நியமான பொருளாகத் தோன்றாது. 1879 முதல் இன்றுவரை இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் ஆண்டுப் போட்டியின் பரிசு அந்தக் கல்கத்தாக் கோப்பையே.

அந்தக் கோப்பைக்காக 1884 மார்ச் 1-ஆம் நாள் லண்டனின் பிளாக்ஹீத் பகுதியில் நடந்த ஆட்டத்தில், ஸ்காட்லாந்து வீரர் ஒருவர் பந்தைக் கையால் பின்னோக்கித் தட்டிவிட்டார். அதை எடுத்த இங்கிலாந்து அணி ஆட்டத்தைத் தொடர்ந்து, கிண்டர்ஸ்லி என்பவர் மூலம் டிரை அடித்தது. பந்தைப் பின்னோக்கித் தட்டுவது குற்றம், ஆகவே அந்தக் கணத்திலேயே ஆட்டம் நின்றிருக்க வேண்டும், எனவே டிரை செல்லாது என்று ஸ்காட்லாந்து வாதிட்டது. அது குற்றமே அன்று; குற்றம் என்றே வைத்துக்கொண்டாலும், குற்றம் செய்தவர் அதனால் பயனடையக் கூடாது; பாதிக்கப்பட்ட அணி முறையிடாதபோது ஆட்டத்தை நிறுத்த எவருக்கும் உரிமை இல்லை என்று இங்கிலாந்து மறுத்தது. பந்து தட்டப்பட்டதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதாவது நிகழ்வு பற்றிய சண்டை அன்று அது. ஒரே ஆட்டத்தை இரண்டு நாடுகள் இரண்டு வகையான சட்டப் புரிதலோடு ஆடியதால் எழுந்த சண்டை.

அதன் விளைவுகள் ஒரு மாலைப்பொழுதோடு முடியவில்லை. 1885-இல் இவ்விரு நாடுகளும் மோதவில்லை. சட்டங்களை இயற்றவும் விளக்கவும் எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஓர் அமைப்பு வேண்டும் என்று ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகியவை கூடி 1886-இல் சர்வதேச வாரியத்தை நிறுவின. ஆட்டத்தைத் தோற்றுவித்தது தாமே என்ற எண்ணத்தில் இங்கிலாந்து அதில் சேர மறுத்ததால், 1888, 1889 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பிற மூன்று நாடுகளும் அதனோடு ஆடவில்லை. கடைசியில் ஸ்காட்லாந்தின் மூத்த நீதிபதியான கிங்ஸ்பர்க் பிரபுவும், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத் தலைவரான மேஜர் மாரிண்டினும் நடுவர்களாக அமர்ந்து 1890-இல் வழங்கிய தீர்ப்பின்படி, இங்கிலாந்துக்கு 6 இடங்களும் மற்ற மூன்றுக்கும் தலா 2 இடங்களும் கொண்ட வாரியம் அமைந்தது. இன்றைய ‘வேர்ல்ட் ரக்பி’ அமைப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு டிரை செல்லுமா செல்லாதா என்ற வழக்கைத் தீர்க்க ஆறு ஆண்டுகளும் ஒரு நீதிபதியும் தேவைப்பட்டனர் என்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் சட்டம் ஒன்றே என்று முடிவாகாதவரை எத்தனை நேர்மையான நடுவராலும் பயனில்லை என்பதை அந்த ஆறு ஆண்டுகள் மெய்ப்பித்தன.

இங்கிலாந்து அன்று முன்வைத்த வாதத்தின் உட்கருத்து இன்றைய ரக்பியில் ‘அனுகூலம்’ என்ற பெயரில் சட்டமாகவே நிற்கிறது. ஓர் அணி குற்றம் செய்தவுடன் நடுவர் விசில் ஊதிவிடுவதில்லை. கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி ஓடிக்கொண்டே, பாதிக்கப்பட்ட அணி தொடர்ந்து ஆடிப் பயன்பெறுகிறதா என்று பார்க்கிறார். பயன்பெற்றால் குற்றத்தை மறந்து ஆட்டம் போகிறது. பயன்பெறாவிட்டால் மட்டுமே விசில் ஒலிக்கிறது, ஆட்டம் குற்றம் நிகழ்ந்த இடத்துக்குத் திரும்புகிறது. தண்டிப்பதற்காக ஆட்டத்தை நிறுத்துவது சில வேளை குற்றவாளிக்கே உதவியாகிவிடும் என்ற நுண்ணறிவு இதில் இருக்கிறது. ரக்பிச் சட்டங்களிலேயே மிக அழகானது இதுதான் என்று சொன்னால் அது மிகையாகாது.

நிகழ்வு பற்றிய பூசலுக்கு எடுத்துக்காட்டு 1905 டிசம்பர் 16-ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் நடந்த ஆட்டம். கடல் கடந்து வந்த நியூசிலாந்து அணி அந்தப் பயணத்தில் ஆடிய 35 ஆட்டங்களில் 34-இல் வென்றது. தோற்ற ஒரே ஆட்டம் இது, புள்ளிகள் 3–0. பாப் டீன்ஸ் என்ற நியூசிலாந்து வீரர் தாம் கோட்டுக்கு மேல் பந்தை வைத்துவிட்டதாகவும், வேல்ஸ் வீரர்கள் பின்னர் தம்மை வெளியே இழுத்துவிட்டதாகவும் கூறினார். ஸ்காட்லாந்துக்காரரான நடுவர் ஜான் டல்லஸ் அன்றாட உடையில், பிடிமானமில்லாத காலணியோடு ஓடியவர். பந்து கோட்டை எட்டியபோது அவர் சற்றுப் பின்தங்கியிருந்தார். பந்து கோட்டுக்கு முன்னரே நின்றுவிட்டது என்று அவர் அளித்த தீர்ப்பு நிலைத்தது. டீன்ஸ் 1908-இல், தம் 24-ஆம் வயதில் நோயுற்று இறக்கும்வரை, அது டிரைதான் என்ற தம் கூற்றை மாற்றிக்கொள்ளவில்லை. ஒளிப்படமோ திரைப்படமோ சாட்சி சொல்லாத அந்தக் கணம் பற்றி இரு நாடுகளிலும் நூற்றாண்டு கடந்தும் பேச்சு ஓயவில்லை. எனினும் ஆட்டத்தின் முடிவை மாற்றும்படி எவரும் வழக்காடவில்லை. சட்டம் என்ன என்பதில் ஐயம் இல்லாததால், ஒரு மனிதரின் கண்ணை நம்புவதா வேண்டாமா என்ற அளவிலேயே அந்தப் பூசல் நின்றது.

கண்ணை நம்புவதில் உள்ள இடர்ப்பாட்டை உணர, முன்னோக்கி எறிதல் பற்றிய சட்டம் ஒன்றே போதும். சிவகங்கைச் சீமையின் சாலைகளில் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தில், விரைந்து ஓடும் வண்டியின்மேல் நிற்பவர் ஒரு பந்தைத் தமக்கு நேர் பக்கவாட்டில் வீசுவதாக வைத்துக்கொண்டால், வண்டியின் வேகம் பந்துக்கும் இருப்பதால் அது தரையில் விழும் இடம் வீசிய இடத்தைவிட முன்னாலேயே இருக்கும். வண்டியில் இருப்பவருக்குப் பக்கவாட்டாகத் தெரியும் அதே எறிதல், சாலையோரம் நிற்பவருக்கு முன்னோக்கிப் போனதாகத் தெரியும். ரக்பியிலும் ஓடுபவர் எறியும் பந்துக்கு இதே நிலைதான். ஆகவே பந்து தரையின்மேல் எங்கே போயிற்று என்று பாராமல், எறிந்தவரின் கைகள் எத்திசையில் அசைந்தன என்று பார்க்கும்படி நடுவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. தொலைக்காட்சியில் கோடுகளை வைத்துக்கொண்டு பார்க்கும் இரசிகருக்குப் பிழையாகப் படும் பல தீர்ப்புகள் உண்மையில் சரியானவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆயினும் உண்மையாகவே தவறிப்போன எறிதல்களும் உண்டு. 2007 அக்டோபர் 6-ஆம் நாள், உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்ஸ் அணி நியூசிலாந்தை 20–18 என வென்றபோது, வெற்றிக்கு வழிவகுத்த டிரைக்கு முன்னர் ஒரு பந்து தெளிவாக முன்னோக்கி எறியப்பட்டதை 28 வயது நடுவர் வேன் பார்ன்ஸ் கவனிக்கவில்லை. நியூசிலாந்து முழுவதும் அவர்மீது வசை பொழிந்தது. வழக்கறிஞர் தொழில் பயின்ற பார்ன்ஸ் அந்தத் தொழிலையும் நடுவர் பணியையும் விடாமல் தொடர்ந்து, 16 ஆண்டுகளுக்குப் பின்னர் 2023 அக்டோபர் 28-இல் பாரிஸ் அருகே நடந்த உலகக் கோப்பை இறுதிப்போட்டிக்கு நடுவராக நின்றார். அங்கும் ஓர் அணி நியூசிலாந்துதான்.

அந்த இறுதிப்போட்டி, மறுஆய்வுக் கருவிகளின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டியது. நியூசிலாந்து அணித்தலைவர் சாம் கேன், எதிராளியைப் பிடிக்கும்போது தோள் தலையில் மோதியதால், முதலில் மஞ்சள் அட்டை பெற்று வெளியே அமர்ந்தார். மஞ்சள் அட்டை என்றால் 10 நிமிடம் ஆட்டத்திலிருந்து விலக்கு. அந்த இடைவெளியில், அரங்குக்கு வெளியே திரைகளின்முன் அமர்ந்திருக்கும் தனி அதிகாரி நிகழ்வை மீண்டும் பார்த்து, குற்றம் கடுமையானதா என்று முடிவெடுக்கிறார். இந்த ஏற்பாட்டுக்குப் ‘பங்கர்’ என்று பெயர். கேனின் அட்டை சிவப்பாக உயர்த்தப்பட்டு, அவர் மீண்டும் ஆட வரவே இல்லை. பின்னர் தென்னாப்பிரிக்கத் தலைவர் சியா கொலிசியும் தலையில் மோதியதற்காக மஞ்சள் அட்டை பெற்றார். ஆபத்தின் அளவு குறைவு என்று மதிப்பிடப்பட்டதால் அவரது அட்டை மஞ்சளாகவே நின்றது. இரண்டும் ஒன்றுபோலத்தானே இருந்தன என்று கேட்டவர்கள் பலர். ஆனால் தலையில் பட்டதா என்பதோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. பிடித்தவர் நிமிர்ந்தே வந்தாரா, குனிய முயன்றாரா, எவ்வளவு வேகத்தில் மோதினார், எதிராளி திடீரெனத் தாழ்ந்தாரா என்று படிப்படியாகக் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் ஏற்பத் தண்டனையைக் கூட்டியும் குறைத்தும் முடிவுக்கு வருகிறது.

மூளையதிர்ச்சியால் பிற்காலத்தில் நினைவிழப்புக்கு ஆளான முன்னாள் வீரர்களின் நிலை வெளிச்சத்துக்கு வந்த பிறகு, தலைமேல் மோதுவதை ரக்பி இவ்வளவு கடுமையாகப் பார்ப்பது முற்றிலும் சரியே. பாடி வருபவரை உடற்பகுதியிலோ கை கால்களிலோ மட்டுமே பிடிக்கலாம், வாயைப் பொத்தக் கூடாது என்று கபடி விதிப்பதும் இதே அக்கறையால்தான்.

அதே ஆட்டத்தில் நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் அடித்த டிரை மறுக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், எல்லைக்கு வெளியிலிருந்து பந்து உள்ளே எறியப்பட்டபோது, நியூசிலாந்து வீரர் கையிலிருந்து பந்து முன்னோக்கி நழுவியிருந்ததைத் தொலைக்காட்சி நடுவர் டாம் ஃபோலி கண்டறிந்து சொன்னார். பந்து கையில் பட்டு முன்னால் விழுவது ‘நாக்-ஆன்’ என்னும் குற்றம். அது நிகழ்ந்தது உண்மைதான். ஆனால் ஒரு வீரர் வீழ்த்தப்பட்டு அடுத்தவர் பந்தை எடுக்கும் ஒவ்வொரு சுற்றையும் ஒரு கட்டம் எனக் கொண்டால், இரண்டு கட்டங்களுக்கு அப்பால் பின்சென்று இத்தகைய குற்றத்தைத் தேட அப்போதைய நெறிமுறை இடம் கொடுக்கவில்லை. நழுவல் நிகழ்ந்ததோ அதற்கும் முன்னர். நிகழ்வைப் பொறுத்தவரை சரியான தீர்ப்பு, வழிமுறையைப் பொறுத்தவரை தவறான தீர்ப்பு ஆயிற்று. தென்னாப்பிரிக்கா 12–11 என ஒரே புள்ளியில் வென்றது. அந்த ஆட்டத்தோடு பார்ன்ஸ் ஓய்வு பெற்றார். வசையும் மிரட்டலும் தாங்காமல் ஃபோலியும் சில வாரங்களில் பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து விலகினார். உண்மையைக் கண்டு சொன்னவர் குடும்பத்தின் அமைதிக்காகப் பணியை விட்டு விலக நேர்ந்தது விளையாட்டு உலகுக்கே இழுக்கு.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2015 அக்டோபர் 18-ஆம் நாள் லண்டனில் நடந்தது. ஆஸ்திரேலியாவுடனான உலகக் கோப்பைக் காலிறுதியில் ஸ்காட்லாந்து 34–32 என முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடிய ஓரிரு நிமிடமே எஞ்சிய நேரத்தில், ஸ்காட்லாந்து வீரர் ஒருவர் முன்னோக்கி நழுவவிட்ட பந்தை அவருக்கு முன்னால் நின்ற ஜான் வெல்ஷ் பிடித்துவிட்டார். தம் அணியினர் கைபட்ட பந்துக்கு முன்னால் நிற்பவர் ஆட்டத்தில் பங்கெடுக்கலாகாது என்பது ‘ஆஃப்சைடு’ சட்டம். அதன்படி நடுவர் கிரேக் ஜூபர்ட் ஆஸ்திரேலியாவுக்குத் தண்டனை உதை வழங்க, அது 3 புள்ளிகளாகி, ஆஸ்திரேலியா 35–34 என வென்றது. மறுநாளே வேர்ல்ட் ரக்பி வெளிப்படையாக அறிக்கை விட்டது: இடையில் ஆஸ்திரேலிய வீரர் ஒருவரும் பந்தைத் தொட்டிருந்ததால் வெல்ஷ் குற்றவாளி ஆகமாட்டார், இரு அணிகளின் முன்கள வீரர்களும் தோளோடு தோள் கோத்துத் தள்ளும் ‘ஸ்க்ரம்’ ஒன்றை வழங்கியிருக்க வேண்டும், ஆனால் அத்தகைய நிகழ்வுக்குத் தொலைக்காட்சி நடுவரைக் கேட்க நெறிமுறை இடம் தரவில்லை. ஸ்காட்லாந்து உலகக் கோப்பையிலிருந்து வெளியேறியது, முடிவு மாறவில்லை. நடுவரைத் தனியே அம்பலப்படுத்தியது நேர்மையற்ற செயல் என்று அந்த அறிக்கையைக் கண்டித்தவர்களும் இருந்தார்கள். எனினும் சட்டத்தின் பொருளை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லவேண்டிய பொறுப்பு சட்டம் இயற்றிய அமைப்புக்கு இருக்கிறது. அதைச் செய்யாமல் மௌனம் காப்பதே நடுவருக்கும் ஆட்டத்துக்கும் செய்யும் பெருந்தீங்கு.

இவ்வளவு பூசல்களுக்கு நடுவிலும் ரக்பி மைதானத்தில் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்தும் காட்சியை அரிதாகவே காண முடிகிறது. அணித்தலைவர் மட்டுமே நடுவரிடம் பேசுவது அங்கே நிலைத்த வழக்கம். எதிர்த்துப் பேசினால் தண்டனை உதைக்கான இடம் 10 மீட்டர் முன்னால் நகர்த்தப்படும் என்பதால், வாய்த்துடுக்கின் விலை உடனே புலப்பட்டுவிடுகிறது. இதைக் காட்டிலும் முதன்மையான காரணம் வேறு. நடுவரின் சட்டையில் ஒலிவாங்கி பொருத்தப்பட்டிருக்கிறது. அவர் வீரர்களிடம் சொல்வதையும், தொலைக்காட்சி நடுவரோடு கலந்து பேசுவதையும் வீட்டிலிருப்பவரும் கேட்கலாம். “கையை எடுங்கள்”, “பின்னால் போங்கள்” என்று குற்றம் நிகழுமுன்னரே எச்சரிப்பதும், விசில் ஊதியபின் எந்த வீரர் என்ன செய்ததற்காக ஊதினார் என்று ஒரு வாக்கியத்தில் சொல்வதும் நடுவரின் அன்றாட வேலை. வீழ்த்தப்பட்டவர் பந்தை விட்டுவிட வேண்டும், வீழ்த்தியவர் விலகிக்கொள்ள வேண்டும், பின்வந்து சேர்பவர் காலூன்றி நிற்க வேண்டும் என்று மூன்று கட்டளைகள் ஒரே நொடியில் செயற்படும் ‘ரக்’ என்னும் குவியலில், இந்தக் குரல் இல்லாவிட்டால் பார்வையாளருக்கு எதுவுமே விளங்காது. தோற்றவர் தீர்ப்பை ஏற்காமற்போகலாம்; ஆனால் தீர்ப்பின் காரணம் தெரியவில்லை என்று அவர் சொல்ல முடியாது.

இனிக் கபடிக்கு வரலாம். சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், 2023 அக்டோபர் 7-ஆம் நாள் ஆடவர் இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 28–28 எனச் சமநிலையில் இருந்தன; இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ஆட்டமே எஞ்சியிருந்தது. தொடர்ந்து இரண்டு முறை புள்ளியின்றித் திரும்பிய அணி மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையேல் பாடியவர் வெளியேற வேண்டும் என்ற கட்டாயத்தில் இந்திய அணித்தலைவர் பவன் செராவத் பாடிச் சென்றார். ஆடுகளத்தின் இரு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்தில் ‘லாபி’ என்ற பட்டை இருக்கும். பாடி வருபவரும் காப்பவரும் ஒருவரையொருவர் தொட்ட பிறகே அது ஆடுகளத்தின் பகுதியாகக் கொள்ளப்படும். தொடாதவரை அது வெளியிடமே. பவன் எவரையும் தொடாமல் லாபிக்குள் சென்றுவிட, அவரைத் தொடர்ந்து ஈரான் வீரர்கள் சிலரும் உள்ளே சென்றார்கள்.

இங்கேதான் 1884 மீண்டும் வந்து நின்றது. பழைய விதிப்படி பார்த்தால், பாடியவரும் வெளியே, அவரைத் தொடர்ந்து லாபிக்குள் நுழைந்த காப்பாளர்களும் வெளியே. இந்தியாவுக்கு ஒரே பாட்டில் பல புள்ளிகள். புரோ கபடி லீக்கில் பழகிப்போன புதிய விதிப்படி பார்த்தால், தொடாமல் லாபிக்குள் போன கணத்திலேயே பாடியவர் வெளியேறிவிட்டார், ஆட்டம் அங்கேயே செத்துவிட்டது; ஈரானுக்கு ஒரு புள்ளி மட்டுமே. யார் எங்கே கால் வைத்தார் என்பது எல்லோரும் திரையில் கண்ட நிகழ்வு. எந்த நூலின்படி புள்ளி எழுதுவது என்பதே கேள்வி. தீர்ப்பு ஒரு முறைக்கு மேல் மாறியது. ஒரு தீர்ப்பு வந்தபோது ஓர் அணியும், மறு தீர்ப்பு வந்தபோது மற்றோர் அணியும் களத்திலேயே உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தன. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் முடங்கிக் கிடந்து, கடைசியில் பழைய விதியின் பக்கமே முடிவு சாய்ந்து, இந்தியா 33–29 என வென்று தங்கம் பெற்றது. தங்கம் வந்ததில் மகிழ்ச்சி உண்டு; ஆனால் ஆசியாவின் மிகப் பெரிய மேடையில், இறுதி ஆட்டத்தின் இறுதி நிமிடத்தில், ஆட்டத்தின் சட்டம் எது என்று நடுவர்களே தேடிக்கொண்டிருந்தது கபடிக்குப் பெருமை தரும் காட்சியன்று. நடுவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே ஆட்டத்துக்கு இரண்டு வழக்குகள் நடைமுறையில் இருக்க விட்டவர்கள் அதற்குப் பொறுப்பு.

செட்டிநாட்டுக்கு இந்தச் செய்தி தொலைதூரத்ததன்று. கயிற்றில் பிணைத்த காளையை ஒன்பது பேர் குறித்த நேரத்துக்குள் அடக்க வேண்டும் என்ற வடமாடு மஞ்சுவிரட்டில், வென்றது காளையா வீரர்களா என்பதைக் கடிகாரமும் விழாக் குழுவும் தீர்மானிக்கின்றன. சிராவயல் பொட்டலில் அவிழ்த்துவிடப்படும் காளைகளுக்கு வேறு முறை. இவை ஊருக்கு ஊர் வேறுபட்டாலும், அந்தந்த ஊரில் வழக்கு ஒன்றே என்பதால் குழப்பம் குறைவு. கபடியின் நிலை அப்படியன்று. தொலைக்காட்சியில் லீக் ஆட்டம் பார்த்துப் பழகிய இளைஞர் ஒரு விதியோடும், பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் ஆடியவர் வேறொரு விதியோடும், ஊர்ப் பெரியவர் சடுகுடுக் காலத்து விதியோடும் ஒரே களத்தைச் சுற்றி நிற்கிறார்கள். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. நடுவர் பணி அங்கே பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. சுற்றுவட்டாரப் போட்டிகளுக்கு அங்கே பயின்றவர்களை அழைத்து நடுவராக நிறுத்துவது எளிது.

ரக்பியும் தமிழருக்கு இனி முற்றிலும் அயலான ஆட்டமாக இருக்கப்போவதில்லை. அணிக்கு ஏழு பேர் ஆடும் அதன் குறுவடிவில் 2025-இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கை வென்றது ‘சென்னை புல்ஸ்’ என்ற அணி. கபடியில் பிடிக்கக் கற்ற கால்களும் தோள்களும் அந்த ஆட்டத்துக்கு நன்றாகவே பொருந்தும். அங்கிருந்து இங்கு வரவேண்டியது நடுவரின் குரல். ஊர்க் கபடிப் போட்டிகளில் ஒலிபெருக்கி ஏற்கெனவே இருக்கிறது; நேர்முக வருணனை செய்பவர் கையில் அது நாள் முழுவதும் இருக்கிறது. விசில் ஊதிய நடுவர் அதை வாங்கி, எந்த வீரர், என்ன குற்றம், எத்தனை புள்ளி என்று ஒரு வாக்கியம் சொல்வதற்கு ஐந்து நொடி போதும்.

அடுத்த தைப் பொங்கலுக்குக் கபடிப் போட்டி அறிவித்து நோட்டீஸ் அச்சடிக்கும் விழாக் குழுவினர், முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நுழைவுக் கட்டணம் ஆகியவற்றுக்குக் கீழே, லாபிக்கும் மூன்றாம் பாட்டுக்கும் எந்த விதிநூல் பின்பற்றப்படும் என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்து அச்சிட வேண்டும். முதல் ஆட்டம் தொடங்குமுன் அணித்தலைவர்களை நடுக்கோட்டுக்கு அழைத்து, அந்த வரியை ஒலிபெருக்கியில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.